ஒரு காதால் நிற்பது

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று காலை ஹைதராபாத்தில் பூகம்பம் வந்துவிட்டது என்று நான் முழுமனதாக நம்பினேன்.

நம்பியதோடு நின்றிருந்தால் வெளியே தெரிந்திருக்காது. ஏ.எஸ்.ராவ் நகரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்பதிவும் அனுப்பினேன். தெலுங்கில் தொடங்கி, இந்திக்குத் தாவி, பதற்றத்தில் தமிழில் முடித்தேன். எல்லோரும் உடனே கீழே இறங்குங்கள், லிஃப்டில் ஏறாதீர்கள் என்பது சாரம். சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் அந்தப் பதிவைச் செய்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தைய வாரம் வந்த வைரஸ் காய்ச்சல் விட்டு, சளி மட்டும் மிச்சமிருந்தது. பால் பாக்கெட் எடுக்க எழுந்து காலைத் தரையில் வைத்தேன். அறை வலப்பக்கமாக ஓடியது. நான் இடப்பக்கமாகச் சரிந்தேன். ஜன்னல், அலமாரி, காலண்டர் எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தன. எங்கும் போய்ச் சேரவில்லை.

நான் வேலை பார்க்கும் பொதுத்துறைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம் வந்தால் பூகம்ப ஒத்திகை நடத்துவது என் பொறுப்பு. மேசைக்கு அடியில் எப்படிப் புக வேண்டும் என்று வருடாவருடம் செய்துகாட்டுகிறவன். இந்தத் தொப்பையோடு அதைச் செய்வதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வருவார்கள். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. தவழ்ந்துபோய் உள்ளே புகுந்து மேசைக்காலைக் கட்டிக்கொண்டேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி கோமதி வந்தாள். கையில் டிகாக்‌ஷன் டம்ளர்.

"என்ன செய்யுதிய அங்கன?"

"பூகம்பம்! நீயும் உள்ள வா!"

அவள் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு டம்ளருக்குள் பார்த்தாள்.

"ஃபேன் ஆடல. டிகாக்‌ஷன் ஆடல. நீங்கதான் ஆடுதிய."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாந்தி வந்தது.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பாதிக் குடியிருப்பு கூடியிருந்தது. ஒருவர் லேப்டாப்போடு இறங்கியிருந்தார், ஒரு அம்மாள் குக்கரோடு. என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மாடிப்படி வழியாகத் தூக்கிவந்தவர்கள் அதே ஜனங்கள்தான். மேல்வீட்டு சேவியர் சார், எங்கள் தொழிற்சாலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்காரர், நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தார்.

"வே, பூகம்பம் உமக்கு மட்டும்தான் வந்திருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பூகம்பத்தைக் கைவிட்டு, பக்கவாதத்துக்கு மாறினேன். பக்கவாதம் என்றால் வாய் ஒரு பக்கம் கோணும் என்று எங்கோ படித்திருந்தேன். அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, என்னை நானே பரிசோதிக்கும்பொருட்டு, கடந்துபோன நர்ஸைப் பார்த்து இரண்டு பக்கமும் பல் தெரியச் சிரித்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு முறை சிரித்தேன்.

"இந்த நெலமைலயுமா?" என்று கோமதி கேட்டாள்.

நரம்பியல் மருத்துவர் மாதவி வந்தார். என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "நா முக்கு சூடண்டி" என்றார். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறோம். தன் மூக்கைப் பார்க்கச் சொல்கிறார் என்று புரிந்தது. தலையை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பினார். என் கண்கள் அவர் மூக்கிலேயே நின்றன. இடப்பக்கம் திருப்பினார். கண்கள் தலையோடு சேர்ந்து வழுக்கிப்போய், தாமதமாக மூக்குக்குத் தாவி வந்தன. எனக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கோமதிக்குத் தெரிந்தது. அவள் முகம் மாறியதை வைத்துத்தான் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

கண் அசைவை ஒரு கேமராக் கண்ணாடியால் அளந்து, ஸ்கேனும் எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை என்றார்கள். அந்தச் செய்தியைக் கோமதி இன்றுவரை அதே சொற்களில் பலரிடம் சொல்லிவருகிறாள்.

நோயின் பெயர் வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் (உட்காதிலிருந்து மூளைக்குச் சமநிலைச் செய்தி கொண்டுபோகும் நரம்பில் வரும் அழற்சி). காய்ச்சல் தந்த வைரஸ் போகிற போக்கில் இடது காதின் நரம்பைத் தொட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். கேட்கும் திறனுக்குச் சேதமில்லை. என் கண்மணிகள் தாமாகவே ஒரு பக்கம் துடித்துக்கொண்டிருந்தன. அதற்கு நிஸ்டாக்மஸ் (கண் தன்னிச்சையாகத் துடித்தல்) என்று பெயர். அறை ஓடுவதாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

"சுத்தறது சில நாள்ல அடங்கும். தள்ளாட்டம் பல வாரம் இருக்கும். இந்த மாத்திரை முதல் சில நாளைக்கு மட்டும். அப்புறம் நிறுத்திட்டு, எழுந்து நடமாடணும், பயிற்சிக்குப் போகணும்" என்று தெலுங்கில் சொன்னார்.

இதில் 'மாத்திரை' வரைக்கும்தான் என் காதில் விழுந்தது. இதே நோயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான்: மருத்துவர் பேசும்போது, சுற்றாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோமதி இருந்தாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் மனதில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். கோமதி ஒரு அரசு வங்கியில் வேலை பார்க்கிறாள். எனக்குக் காய்ச்சல் வருவதற்குச் சற்று முன்புதான் அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. விசாகப்பட்டினத்தில் ஒரு கிளைக்கு மேலாளர். முன்பு ஒருமுறை இதே போல வந்தபோது, மகள் ரம்யா சின்னப் பெண் என்று விட்டுக்கொடுத்தாள். இப்போது ரம்யா புனேயில் படிக்கிறாள். இந்த முறை சரி என்று சொல்லியிருந்தாள். என் நிலைமையைச் சொல்லிச் சேருவதற்கு இரண்டு மாத அவகாசம் வாங்கினாள். அதற்குள் நான் தனியாக வீட்டில் இருக்கத் தேறவில்லை என்றால் அவள் போகமாட்டாள்.

ரம்யா ஹைதராபாத்தில் பள்ளி படித்தவள். நாங்கள் தமிழில் பேசினால் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பதில் வரும். போனில் விஷயத்தைக் கேட்டதும், "டேபிள் கிந்தவா? சீரியஸ்லி, அப்பா?" என்று, நான் மேசைக்கு அடியில் புகுந்ததற்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நேனு ஒச்சேயனா?" என்றாள். வந்துவிடவா என்று அர்த்தம். வேண்டாம் என்றேன். ஒரு ஆள் படிப்பையும் ஒரு ஆள் பதவியையும் விடும் அளவுக்கு என் இடது காது பெரிய ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் நான் செய்த தவறு என் தொழிலிலிருந்து வந்தது.

தொழிற்சாலையில் நான் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு கருவி தப்பாகக் காட்டுகிறது என்று சந்தேகம் வந்தால், எங்கள் வழக்கம் ஒன்றுதான். உடனே அதை வேலையிலிருந்து எடுத்து, சிவப்புச் சீட்டைக் கட்டி, அசையாமல் அலமாரியில் வைத்துவிடுவோம். அதை யாரும் தொடக்கூடாது. தப்பான அளவை வைத்துக்கொண்டு வேலை செய்வதைவிட வேலை செய்யாமலிருப்பது மேல் என்பதை இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எனக்கும் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிக்கொண்டேன். தலையை அசைத்தால் சுற்றுகிறது. ஆகவே தலையை அசைக்காமல் படுத்தேன். மாத்திரை போட்டால் மந்தமாக இருந்தது, சுற்றல் தெரியவில்லை; ஆகவே மருந்துக்கடையில் மறுபடி மறுபடி வாங்கிப் போட்டேன். நரம்பு தானாக ஆறட்டும், ஆறியபின் எழுந்து நடந்துகொள்ளலாம் என்பது என் திட்டம்.

சேவியர் சார் பார்க்க வந்தார். கையில் ஒரு பை.

"இது காதும் இல்ல, மூக்கும் இல்லவே. இது ஸ்பாண்டிலைட்டிஸ் (கழுத்தெலும்புத் தேய்மானம்). எனக்கு வந்துச்சுல்லா. இதப் போடும், பிறகு பாரும்."

பையிலிருந்து கழுத்துப்பட்டையை எடுத்தார். அவர் பயன்படுத்தியது, கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. தலைசுற்றலுக்கெல்லாம் கழுத்துதான் காரணம் என்பதில் எங்கள் குடியிருப்பில் இரண்டு கருத்து கிடையாது. எனக்கும் மிக வசதியாகப் போயிற்று. தலையை அசைக்கக்கூடாது என்பது என் திட்டம். அதற்கு ஒரு உபகரணமே வந்துவிட்டது. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்பினேன். எனக்குப் பின்னால் யார் வந்தாலும், பழைய இரும்புப் பெட்டியை நகர்த்துவதுபோல என்னை நகர்த்திக்கொண்டு திரும்பினேன்.

வாரங்கள் போயின. சுற்றல் நின்றுவிட்டிருந்தது, தள்ளாட்டம் நிற்கவில்லை. நடந்தால் சுவர்கள் என் இடப்பக்கமாக வந்து தோளில் இடித்தன. போனில் விரலால் தள்ளிப் படித்தால் குமட்டியது. மார்க்கெட்டில் ஆட்கள் குறுக்கே போனால், அவர்களோடு தரையும் போனது. அவகாசத்தில் பாதி தீர்ந்துவிட்டிருந்தது. கோமதி ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மருத்துவர் எழுதியிருந்ததை மறுபடி படித்தாள்.

"பயிற்சின்னு எழுதியிருக்காங்க. மாத்திரைய எப்பவோ நிறுத்தச் சொல்லியிருக்காங்க. நீங்க கழுத்துல பெல்ட்டு கட்டிக்கிட்டு மாத்திரய முழுங்குதிய."

அன்று மாலையே தார்நாகாவில் ஒரு மறுவாழ்வுப் பயிற்சி மையத்துக்குப் போனோம்.

பயிற்சியாளரின் பெயர் ஷாஹீன். முப்பது வயதிருக்கும். தக்கினி உருதுவும் ஆங்கிலமும் கலந்து வேகமாகப் பேசுவார். அவர் பேச்சைத் தமிழிலேயே தருகிறேன். 'நக்கோ'வை மட்டும் மொழிபெயர்க்க மனம் வரவில்லை. 'வேண்டாம்' என்று போட்டால் அந்த உதறல் வராது.

உள்ளே நுழைந்ததும் என் கழுத்தைப் பார்த்தார்.

"இதை யார் கொடுத்தாங்க?"

"மேல்வீட்டு சார்."

"அவர் டாக்டரா?"

"ஆன்டெனா டிசைன் பண்ணினவர்."

"நக்கோ சார். கழட்டுங்க. கழுத்து என்ன பாவம் செஞ்சுது? கெட்டுப்போனது காது."

பிறகு உட்காரவைத்து விளக்கினார். நாம் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போகிறது: கண், உள்ளங்கால், உட்காது. எனக்கு இடது காது மௌனமாகிவிட்டது. வலது காது மட்டும் பேசுகிறது. இரண்டும் பேசிப் பழகிய மூளை, ஒன்று மட்டும் பேசினால் உடம்பு சுற்றுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. அதைத் திருத்த மூளையால் முடியும். ஆனால் தலை அசைய வேண்டும், பார்வை வழுக்க வேண்டும், தப்பு தெரிய வேண்டும்.

"அசைக்காமலே வச்சிருந்தா தப்பே வராது சார். தப்பே வரலைன்னா மூளை எதைத் திருத்தும்? மாத்திரை போட்டா இன்னும் தூங்கிடும்."

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்புச் சீட்டைப் பற்றி அவளிடம் நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"சுற்றினால்?" என்று கேட்டேன்.

"சுத்தணும். கொஞ்சம் சுத்திட்டு, உக்காந்தா கொஞ்ச நேரத்துல அடங்கணும். அப்படின்னா சரியான அளவு. நாள் முழுக்க சுத்துச்சுன்னா அதிகம். சுத்தவே இல்லன்னா நீங்க ஏமாத்துறீங்க."

முதல் பயிற்சி எளிது போலத் தெரிந்தது. கையை நீட்டி, கட்டை விரலைப் பார்த்தபடி, தலையை இல்லை இல்லை என்று ஆட்ட வேண்டும். விரல் தெளிவாகத் தெரிய வேண்டும். நான்கைந்து ஆட்டலிலேயே விரல் இரண்டாகி, பிறகு கலங்கியது. ஷாஹீன் தயாராக வைத்திருந்த பக்கெட்டை நீட்டினார். பக்கெட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, இது கடைசி நேரம் என்று நினைத்தேன். ரம்யாவுக்கு என்ன சொல்லிவிட்டுப் போகலாம் என்றுகூட யோசித்தேன். அதற்குள் அடங்கிவிட்டது.

"அப்படித்தான், நல்லா இருக்கு" என்றார் ஷாஹீன்.

மருத்துவரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினோம். அடுத்த கட்டம் நடந்துகொண்டே தலையை இடமும் வலமும் திருப்புவது. மாலையில் எங்கள் தெருவில் செய்தேன். சேவியர் சார் துணைக்கு வந்தார். கழுத்துப்பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"ராடார் சுத்துத மாதிரி இருக்குவே" என்றார். "ஏதாவது மாட்டுச்சுன்னா சொல்லும்."

தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கும் பெரியவர், நான் கடந்துபோகும்போதெல்லாம் விலை கூவிப் பார்த்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே போனேன். விலையைக் குறைத்தார். இன்னும் ஆட்டினேன். கடைசியில் கோபம் வந்துவிட்டது.

"நக்கோ தோ நக்கோ போலோ சாப், கைக்கு இத்தா சர் ஹிலாரே?"

வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லித் தொலையுங்கள், எதற்கு இப்படித் தலையை ஆட்டுகிறீர்கள் என்கிறார். சேவியர் சார்தான் சமாதானம் சொல்லி, கொய்யாப்பழமும் வாங்கினார். எனக்கு நிற்க நேரமில்லை, நின்றால் விழுந்துவிடுவேன்.

இங்கே ஒரு தந்திரத்தையும் கற்றுக்கொண்டேன். எதையாவது ஒன்றை உற்றுப் பார்த்தபடி நடந்தால் தள்ளாட்டம் வெளியே தெரியாது. டிவியின் ஓரம், கதவின் கைப்பிடி, சாமி படத்தின் சட்டம். வீட்டுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கண்ணால் தாவித் தாவிப் போனேன். கோமதி பார்க்கும் நேரமாகப் பார்த்து காபி டம்ளரோடு கூடத்தைக் கடந்தேன், விசிலும் அடித்தேன். அவள் விசாகப்பட்டினத்தில் வாடகைக்கு அறை பார்க்கச் சொல்லி அங்கிருக்கும் ஒரு தோழியிடம் பேசியது காதில் விழுந்தது. என் நடிப்பு எடுபடுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு சாயங்காலம், இருட்டத் தொடங்கும் நேரம், வாசலில் மிதியடி மேல் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மின்சாரம் போயிற்று. கண்ணுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. மிதியடி மெத்தென்றிருந்ததால் காலுக்கும் தரை தெரியவில்லை. மிச்சமிருந்தது காது. அதில் ஒன்றுதான் இருந்தது. இடப்பக்கமாகப் போய்ச் செருப்பு அலமாரியோடு விழுந்தேன்.

கோமதி போன் வெளிச்சத்தோடு வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"செருப்பு ஸ்டாண்டுக்குள்ள கெடந்துகிட்டுச் சொல்லுதிய."

புருவத்தில் காயம். அதற்குப் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டே பேசினாள்.

"நாளைக்கு ஆபீஸ்ல வேண்டாம்னு சொல்லிருதேன்."

"அதெல்லாம் ஒண்ணும்..."

"சும்மா இருங்க. நீங்க நடிக்கது எனக்குத் தெரியாதா? டிவியப் பாத்துக்கிட்டே நடக்கிய. அணைச்சு வச்ச டிவிய என்னத்துக்கு அப்படிப் பாக்கிய? நானும் நம்புன மாதிரி இருந்தேன். ஒருவேள நடிச்சு நடிச்சு வந்திரும்னு நெனச்சேன்."

என்னிடம் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"போன தடவ விட்டதுல எனக்கு வருத்தமில்ல. ரம்யா சின்னப்புள்ள. இந்தத் தடவ விட்டா இனிமே கேக்க மாட்டாங்க, அதுவும் தெரியும். ஆனா நீங்க பாத்ரூம்ல விழுந்து கெடந்தா, நான் அங்க மேனேஜர்னு போர்டு மாட்டிக்கிட்டு என்ன செய்ய?"

"எனக்கு இன்னும் ரெண்டு வாரம் குடு" என்றேன்.

"நடிக்கக் கூடாது."

"நடிக்கல."

"நானே பாப்பேன். லைட்ட அணைச்சுட்டுப் பாப்பேன்."

மறுநாள் ஷாஹீனிடம் என் தந்திரத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இந்த நோய் வந்தவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் கண்ணை ஊன்றுகோலாக்கிக்கொள்கிறார்கள் என்றார். இனி அந்த ஊன்றுகோலைப் பிடுங்க வேண்டும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், சோபா மெத்தையைத் தரையில் போட்டு, அதன்மேல் கண்ணை மூடி நிற்க வேண்டும். விழுந்தால் சுவர் தாங்கும். முன்னால் ஒரு நாற்காலி. பக்கத்தில் ஒருவர்.

கண்ணை மூடியதும் எனக்கு உடம்பு இல்லாமல் போனது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தலை எங்கே இருக்கிறது, அது கால்களுக்கு நேர்மேலே இருக்கிறதா என்பது எனக்கு அதுவரை யோசிக்கத் தேவையில்லாத விஷயமாக இருந்தது. அந்த மூலையில் அதை யோசித்தேன். கோமதி பக்கத்தில் நின்றாள், தொடவில்லை. விழப்போகும்போது, 'எடது' என்பாள். நான் வலப்பக்கம் எடையைக் கொண்டுவருவேன். சில நாட்களில் அவள் சொல்வதற்கு முன்பே கணுக்கால் இறுகத் தொடங்கியது. நான் இறுக்கவில்லை. அது தானாகச் செய்தது.

சூப்பர்மார்க்கெட்டுக்கும் போகச் சொன்னார்கள். ஷாம்பு அடுக்கியிருக்கும் வரிசையில் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து நடக்க வேண்டும். நிறங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் பாய்ந்து வரும். நான் அப்படி ஒன்றும் வாங்காமல் போவதும் வருவதுமாக இருந்ததில், கடைப் பணியாளர் ஒருவர் என் பின்னாலேயே வந்தார். அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரு ஷாம்பு வாங்கினேன். தினமும் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் தலைமுடி உள்ளவள் கோமதி மட்டும்தான்.

உண்மையில் மிக ஆபத்தான இடம் கடையும் இல்லை, தெருவும் இல்லை. குளியலறைதான். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால், ஈரத் தரையில் எனக்கு மேல் கீழ் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து குளிக்கச் சொன்னார் ஷாஹீன். பிளம்பரைக் கூப்பிட்டுச் சுவரில் கைப்பிடி வைத்தோம். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வெட்கமாக இருந்தால், எனக்கும் இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். முக்காலி நீல நிறம். அதில் உட்கார்ந்தால் நான் ஒரு பெரிய குழந்தை மாதிரி இருப்பேன். இன்றும் அதில்தான் குளிக்கிறேன்.

கோமதி சொன்னபடியே ஒருநாள் விளக்கை அணைத்தாள். சொல்லாமல் அணைத்தாள். கூடத்தின் நடுவில், கையில் செய்தித்தாளோடு நின்றிருந்தேன். ஒரு கணம் எல்லாம் போனது. இடப்பக்கம் சாய்ந்தேன், கால் தானாக அகன்று ஊன்றிக்கொண்டது. நின்றேன். பதற்றத்தில் ஒரு சத்தம் போட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அது என்ன சத்தம் என்பதை மறைக்கிறேன்.

இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"ரூமுக்குள்ள போங்க. கட்டில்ல போய் உக்காருங்க."

மெதுவாகப் போய் உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டாள்.

"நைட் லேம்ப எப்பவும் அணைக்கக் கூடாது. ஸ்கூட்டரத் தொடக்கூடாது. முக்காலி அங்கனயே கெடக்கணும்" என்றாள். பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொல்லி, உடனே, "வேண்டாம், நானே எறக்குதேன்" என்றாள்.

அவள் கிளம்புவதற்கு முன் மருத்துவர் மாதவியிடம் போனோம். கேமரா வைத்த கண்ணாடியை மாட்டி, தலையை வெடுக்கென்று திருப்பி, கண் பின்தங்குகிறதா என்று அளந்தார்கள். திரையில் கோடுகள் வந்தன. கோடுகளைப் படிப்பது என் தொழில். வலப்பக்கக் கோடு எழும்பி நின்றது. இடப்பக்கக் கோடு ஆஸ்பத்திரியில் முதலில் எடுத்தபோது எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே படுத்திருந்தது.

ஷாம்பு, கொய்யாப்பழம், பக்கெட் எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

"அப்ப நான் தேறவே இல்லையா?"

"நரம்பு தேறல. சிலருக்குத் திரும்பும், உங்களுக்கு இதுவரைக்கும் வரல. இனி வர்றதும் சந்தேகம்தான்" என்றார் மருத்துவர். "நீங்க நடந்துதானே உள்ளே வந்தீங்க?"

"ஆமா."

"அது இந்தக் கோட்டுல தெரியாது."

காய்ச்சல் வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ பழைய தள்ளாட்டம் சில நாட்களுக்குத் தலைகாட்டும், பயப்பட வேண்டாம், பயிற்சியைத் திரும்பத் தொடங்கினால் போதும் என்றும் சொன்னார். இந்த முறை முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது என் உடம்போடு இருப்பது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. வேகமாக இடப்பக்கம் திரும்பினால், நான் திரும்பி முடித்த பிறகு ஒரு நொடியின் சிறு துண்டு கழித்துத்தான் உலகம் வந்து நிற்கிறது. முன்பு இரண்டும் ஒன்றாக நடந்தன. அல்லது அப்படி இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் நான் ஒன்றும் செய்வதில்லை. காத்திருக்கிறேன். யாராவது இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்லத் தாமதமாகிறது. அலுவலகத்தில் எனக்கு நிதானம் வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

கோமதி ஒரு பிற்பகல் ரயிலில் கிளம்பினாள். செகந்திராபாத் நிலையத்தில் பெட்டிகளை ஏற்றிவிட்டு நடைமேடையில் நின்றேன். பிடித்துக்கொள்ள ஒரு தூண் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரயில் நகரத் தொடங்கியதும், நான்தான் பின்னால் போகிறேன் என்று கண்கள் சொல்லின. பாதங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. கால்களை அகட்டி வைத்தேன். ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்தேன், திரும்பி வந்தேன். தூணைத் தொடவில்லை. பெட்டியின் கதவருகே நின்ற அவள் கையை ஆட்டவில்லை, என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி போனதும் போன் அடித்தது.

"நின்னியளா?"

"நின்னேன்."

"பஸ்ல உக்காந்து போங்க. படிக்கிட்ட நிக்கக் கூடாது."

உட்கார்ந்துதான் போனேன்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு வைரஸ் என் இடது காதின் சமநிலை நரம்பைக் கெடுத்தது. அந்த நரம்பு பிழைக்கவில்லை. மிச்சம் இருப்பதை வைத்து நிற்க மூளை கற்றுக்கொண்டது. கோமதி விசாகப்பட்டினத்தில் வேலையில் சேர்ந்தாள்.